தறி நிற்கும் நேரம்

ஏப்ரல் 6, சனி

இன்றும் மெத்தை வெயிலில் காய்கிறது. மகள் ஷ்ரவ்யாவுக்கு ஏழு வயது. ஈரமான போர்வையை எங்கள் விசைத்தறிக் குடோனில் கழிவு நூல் மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். தறி ஓட்டும் வேலுமணி அண்ணன் எடுத்து வந்து, "ஏனுங்க, இது நம்ம தறியில ஓடுனது இல்லீங்களே" என்றார்.

ஏப்ரல் 9

அடுத்த மாதம் பொள்ளாச்சியில் என் மனைவி எழிலின் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. பிள்ளைகள் எல்லாம் ஹாலில் வரிசையாகப் படுப்பார்கள்.

"அன்னைக்கு எனக்கு வயிறு வலிக்குமுங்கப்பா" என்றாள் ஷ்ரவ்யா.

வயிற்றுவலிக்கு இவ்வளவு முன்னாடியே தேதி குறித்தவள் இவள் ஒருத்திதான். எழில் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தீபாவளிக்கு அங்கே நனைத்துவிட்டு, மற்ற பிள்ளைகள் நடுவில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே.

ஏப்ரல் 11

டாக்டரம்மா: திட்டாதீர்கள், குழந்தை மேல் தப்பில்லை, போகப் போகச் சரியாகும்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாக்கா: ஆனைமலை போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துவிட்டு வா.

மிளகாய் அரைப்பது நமக்குக் கெடுதல் செய்தவர் மேல் முறையிட. யார் மேல் முறையிடுவது, மூத்திரப்பை மேலா?

ஏப்ரல் 13

ராத்திரிக்கு அலாரம் வைத்தோம். நான், எழில், நஞ்சம்மாக்கா வீட்டு நாய் — எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை.

ஏப்ரல் 16

நேற்று ராத்திரி கரண்ட் போனது. தறி நின்றதுதான் தாமதம், ஷ்ரவ்யா எழுந்து உட்கார்ந்து "என்னாச்சுங்கப்பா?" என்கிறாள். பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். காலையில் மெத்தை காய்ந்திருந்தது.

குடோனை ஒட்டியே வீடு. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்குகிறவள். அவளைப் போய் மணியடித்து எழுப்பப் பார்த்தேனே. சத்தம் நின்றால்தான் அவளுக்கு முழிப்பு வரும்.

ஏப்ரல் 17

ராத்திரி பதினொரு மணிக்குத் தறி மெயின் சுவிட்சை அணைத்தேன். எழுந்தாள். வேலுமணி அண்ணன் அறுந்த இழைகளை முடிந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏப்ரல் 25

தினமும் நிறுத்துகிறேன். பாத்ரூமுக்கு முற்றத்தைக் கடந்து போக வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறாள். பகலில் இதையெல்லாம் கேட்க எனக்கு நேரம் ஏது?

"உங்ககூடப் பேசோணும்னா தறிய நிறுத்தோணுமாட்ட இருக்குதுங்க" என்றாள் எழில்.

மே 10

இரண்டு பேரும் பொள்ளாச்சி போய்விட்டார்கள். நான் விசேஷத்தன்று போனால் போதும். மச்சான் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. அங்கே நிறுத்த என்ன இருக்கு? இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல? என்ன மனுசன் நான்.

மே 11

காலையில் ஷ்ரவ்யா போன் பண்ணினாள். நனையவில்லையாம்.

"அங்க தறி இல்லியே, எப்படிக் கண்ணு எந்திரிச்சே?"

"ஊட்டுலயும் கொஞ்ச நாளா நீங்க நிறுத்தறதுக்கு முன்னாடியே நானா முழிச்சுக்குவேனுங்கப்பா. சும்மா படுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் அம்மணி சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்கல்ல."

ராத்திரி மெயின் பக்கம் போகவில்லை. வேலுமணி அண்ணன்தான் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மணியாச்சுங்களே?"

"பாப்பா வரட்டுமுங்க, அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றேன்.