அத்தானின் சப்பாத்து

ஒக்டோபர் 14, ஹம் நகரம்

அக்காவும் அத்தானும் நானும் மொரோக்கோவிலிருந்து மதியம் வந்து சேர்ந்தோம். உடுப்புகளை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது.

பாலைவனத்தில் தங்கிய அன்று, நெருப்பைச் சுற்றி இருந்தவர்களிடம் என் விவாகரத்தைப் பற்றிச் சொல்லி அத்தான் சிரித்தார். "இவளை விட்டிட்டுப் போனவன் கெட்டிக்காரன்." அக்காவும் சிரித்தாள்.

விடியும்போது, கூடார வாசலில் கிடந்த அவருடைய சப்பாத்துக்குள் ஒரு தேள் நுழைவதைக் கண்டேன். பேசாமல் படுத்திருந்தேன். ஆனால் வெளியே போக எழும்பிய அக்கா, அவசரத்தில் அந்தச் சப்பாத்துக்குள் கால் வைக்கப் போனாள்.

"அக்கா, போடாதை! உள்ளுக்கை தேள் கிடக்கு!"

இன்று விமான நிலையத்தில் அத்தான் என் கையைப் பிடித்து, "நீ கத்தியிருக்காட்டி இவள் செத்திருப்பாள்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு மனம் இளகவில்லை. அவர் கால் வைக்கப் போயிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.