ஆளுக்கு ஒரு சாக்ஸ்

மாப்பிள்ளை,

நேற்று மத்தியானம் உன் சாக்ஸ் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒற்றைச் சாக்ஸ். சாம்பல் நிறக் கம்பளி, குதிகாலில் நீயே போட்ட கோணல் தையல், அந்துருண்டை வாசனை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி, ரங்கூனின் பங்குனி வெயிலில் வியர்த்து விறுவிறுத்து என் தங்கை அதைக் கொண்டுவந்தாள். உனக்கு மனைவியாவதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே அவள் எனக்குத் தங்கை. இதை இப்போதாவது ஒப்புக்கொள்.

"இந்தாங்கண்ணே. ஒத்தைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? ஜோடி ஒங்ககிட்டதான இருக்கு" என்றாள்.

கரண்ட் போயிருந்தது. விசிறிக்கொண்டே அலமாரியைத் திறந்து என்னுடையதை எடுத்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை முறைத்துப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டாள்.

"நாளைக்குப் பஞ்சமி. ஒங்க மாப்பிள்ளை இல்லாம பெரியப்பாவுக்கு இனிமே யாருண்ணே தண்ணி விடுறது? எங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. பங்காளின்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. அவரோட இது முடிஞ்சுதா?"

உன்னிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. அதனால்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

முப்பது வருஷம் ஸ்வேடகோன் புத்தர் கோபுரத்தில் கைடாக இருந்தவன் நீ. மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நீ, கோழிக்குஞ்சுகள் மாதிரி பின்னால் வெள்ளைக்காரர்கள். படிக்கட்டு அடியில் நீ சொல்லும் முதல் வசனம் எனக்கே மனப்பாடம்: "ஷூவைக் கழற்றுங்கள். சாக்ஸையும் சேர்த்துத்தான்." அரைக்கால் சட்டையோடு வந்து நிற்கிறவர்களுக்காக உன் தோள்பையில் எப்போதும் இரண்டு கைலி அதிகமாக இருக்கும். சுற்றி முடித்தபின் அவர்களைக் கியாக்டடா பேட்டையில் என் கடிகாரக் கடைக்கு அழைத்து வந்து, "இவர் கடையில் இருபது கடிகாரம் ஓடுகிறது. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது" என்று என் மானத்தை வாங்குவாய். அவர்கள் சிரித்துவிட்டு ஏதாவது வாங்கிப்போவார்கள். அதனால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் முன்பு உன் மகள் செல்வி ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் நர்ஸாகச் சேர்ந்து, நம்மை வரச்சொல்லி டிக்கெட் எடுத்தாள். தங்கைக்கு முழங்கால் வலி. ஆகவே கிழவர்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். போன மூன்றாம் நாள், ஹிட்லர் காலத்தில் ஆட்களை அடைத்துவைத்துப் பட்டினி போட்டு வேலை வாங்கிக் கொன்ற முகாம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, இப்போது அது நினைவிடம், கைடோடு சுற்றிப் பார்க்கப் பதிவு செய்துவிட்டேன் என்றாள்.

"ஊர் பாக்க வந்தவனைச் சாவு வீட்டுக்கா கூட்டிட்டுப் போற?" என்று நீ குதித்தாய்.

"நீங்க கைடுப்பா. இங்க எப்படிக் கைடு பண்றாங்கன்னு பாக்க வேணாமா?" என்றாள் அவள். உன் மகளல்லவா, எங்கே தட்டினால் நீ திறப்பாய் என்று அவளுக்குத் தெரியும்.

நம் கைடு கத்ரின் என்ற பெண். முப்பது வயதிருக்கும். நம் ஊர் வழக்கப்படி மரியாதையாக அவளை 'மா கத்ரின்' என்று கூப்பிட்டாய், அவள் திருதிருவென்று விழித்தாள். "கொடையே இல்லாம இவ என்ன கைடு?" என்று என் காதில் முனகினாய். இருபது பேரோடு அந்த இரும்பு வாசலுக்கு வந்தோம். எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் போய்த் திரும்பிப் பார்த்தால், நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சாக்ஸ். சுருட்டி ஷூவுக்குள் செருகி, ஜோடியாகப் பெஞ்சின் மேல் வைத்தாய்.

செல்வி ஓடிவந்தாள். "அப்பா! இது பயா இல்லப்பா!" கோபுரத்துக்கு நாம் சொல்லும் பர்மியச் சொல் அவளுக்கு அந்த ஊரிலும் மறக்கவில்லை.

"இத்தன பேரு செத்த எடத்துல செருப்போட நொழையச் சொல்றியா? முப்பது வருஷமா மத்தவனுக்குச் சொன்னதை நான் செய்ய வேணாமா?"

கத்ரின் திரும்பி வந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. இங்கே கொண்டுவரப்பட்டவர்களிடம் முதலில் பிடுங்கியது துணியும் செருப்பும்தான், இந்த இடத்தில் யாரும் வெறுங்காலோடு நடப்பதைப் பார்க்க என்னால் முடியாது, தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நீ எழுந்து நின்று, ஸ்வேடகோன் படிக்கட்டில் பேசும் அதே நிதானமான இங்கிலீஷில் சொன்னாய்: "பிடுங்கினதுதான் தப்பும்மா. இது நானாகக் கழற்றுகிறேன். எங்கள் ஊரில் மரியாதை இப்படித்தான்." அவள் கொஞ்ச நேரம் உன் காலையே பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டு, மெதுவாக நடந்தாள். அன்று முழுவதும் அவள் வேகமாக நடக்கவே இல்லை.

நானும் கழற்ற வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை வெறுங்காலோடு நடக்க மச்சான் ஷூ போட்டுக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்? அந்த ஊரில் நம்மை ஒருவருக்கும் தெரியாது என்பது பாதிவழியில்தான் எனக்கு உறைத்தது. சரளைக்கல் குத்தியது. குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்காலில் உட்கார்ந்தது. நான் முனக முனக, "பேசாம வாடா மச்சான், உன் கடிகாரமாடா நீ, நின்னு நின்னு வர்றதுக்கு?" என்றாய்.

உள்ளே பலகைப் படுக்கைகள் இருந்தன. மூன்று அடுக்கு. கத்ரின் நிறையப் பேசவில்லை. ஒரு படுக்கையருகில் நின்று ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொன்னாள். செருப்புத் தைக்கிறவர். மறந்துவிடக் கூடாதென்று தன் பிள்ளைகளின் கால் அளவைத் தினமும் வாய்க்குள் சொல்லிக்கொள்வாராம். கூட இருந்து தப்பியவர்கள் வந்து சொன்னது. அவர் என்றைக்கு இறந்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. "நல்லாச் சொல்றா" என்று தமிழில் சொன்னாய். உன் வாயிலிருந்து இன்னொரு கைடுக்கு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு நீ கையைத் தூக்கினாய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "தேதி தெரியாதவர்களின் குடும்பம் என்ன செய்கிறது?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அங்கே எனக்கும் செல்விக்கும் மட்டும்தான் தெரியும். உன் அப்பாவின் அண்ணன் குழந்தைவேலு, தன்லியின் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குத் தண்டவாளம் போட ஆள் பிடித்தார்கள். போனவர் போனவர்தான். செத்தார் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் பாவம் என்று உன் அப்பா கடைசிவரை திதி கொடுக்கவே இல்லை. "அண்ணன் வேலைக்குப் போயிருக்காரு" என்பார், ஏதோ சாயங்காலம் திரும்பிவிடுவது போல. தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கென்று ஒரு புதுக் கைலி வாங்கிப் பெட்டியில் வைப்பார். அவருக்குப் பின் நீ வாங்கி வைத்தாய். உனக்கும் அந்தப் பயம் இருந்தது. அறுபத்தெட்டு வயதிலும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவாய்.

கத்ரின் சொன்னாள்: "அந்தச் செருப்புத் தைக்கிறவரின் மகள் வயதான பிறகுதான் முதல்முறை இங்கே வந்தார். வந்த நாளையே அப்பாவின் நாளாக வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் அன்றைக்குக் கேக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் கொடுப்பார்."

வெளியே வந்து செல்வியிடம், "இன்னிக்கு என்ன திதி, போன்ல பாரும்மா" என்றாய். பங்குனி வளர்பிறைப் பஞ்சமி.

நெட்டை நெட்டையாய் மரங்கள் நின்ற பாதையின் கடைசியில், சுற்றுலாக் கூட்டம் தாண்டிப் போனபின், என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவினாய். எள் கிடையாது, தர்ப்பை கிடையாது. "குழந்தைவேலு பெரியப்பா, நீங்க எங்க விழுந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. இதை வாங்கிக்குங்க. வேலை முடிஞ்சுது, வீட்டுக்கு வாங்க" என்று சத்தமாகவே சொன்னாய். பிறகு உன் அம்மா வழிப் பழக்கப்படி, பர்மாக்காரர்கள் புண்ணியத்தைப் பங்கு கொடுக்கும்போது கூப்பிடுவது போல, அந்த முகாமில் இறந்த எல்லோரையும் கூப்பிட்டாய்: "அம்யா, அம்யா, அம்யா." வாருங்கள், வந்து பங்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

"இத்தன பேருக்கு ஒரு பாட்டில் பத்துமா மாப்பிள்ள?" என்றேன். என் வாய் அப்படி.

"இது பங்கு போட்டா கொறையாதுடா. நீயும் பிடி."

"நான் பங்காளி இல்லியே?"

"அம்யாவுக்குப் பங்காளி வேணாம். பக்கத்துல நிக்கறவன் போதும்."

இரண்டு பேருமாகப் பாட்டிலைப் பிடித்து ஊற்றினோம். நிமிர்ந்தபோது கொஞ்ச தூரத்தில் கத்ரின் நின்றுகொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் அருகில் வந்து, அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நீ சொல்லிக்கொடுத்தாய். அவளுக்கு 'ம்யா' வரவே இல்லை. நான்காவது தடவை வந்தது.

வாசலுக்குத் திரும்பினால் அதற்குள் ஒரு தூறல் போட்டிருந்தது. பெஞ்சில் வைத்த நாலு சாக்ஸும் சொதசொத. நம் காலெல்லாம் நாவல்பழ நிறம். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். கத்ரின் தன் பையைத் துழாவி ஒரு ஜோடிக் கம்பளிச் சாக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். இங்கே வருகிறவர்களுக்குக் கால் நனையும், அதனால் ஒரு ஜோடி அதிகமாக வைத்திருப்பேன் என்றாள். உன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் என்ன எழுதினாலும் காட்ட முடியாது. "பாத்தியாடா மச்சான்! நல்ல கைடுன்னா பையில ஒண்ணு அதிகமா இருக்கும்!" என்று அந்த வாசலிலேயே சிரித்தாய்.

ஒரு ஜோடி, இரண்டு கிழவர்கள். ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டு நொண்டியடித்துத்தான் ரயில் ஏறினோம். ஸ்டேஷனில் நாலு ஐஸ்க்ரீம் வாங்கினாய், அந்தக் குளிரில். நாலாவது யாருக்கு என்று செல்வி கேட்டாள். "பெரியப்பாவுக்கு. எழுபது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு" என்றாய். அது உருகி வழியத் தொடங்கியதால் நான்தான் சாப்பிட்டேன். மியூனிக் வரும்வரை பாடிக்கொண்டே வந்தாய். பெட்டியில் இருந்த யாரும் இறங்கி ஓடவில்லை, நல்ல ஜனங்கள்.

ரங்கூன் வந்ததும் கைலிப் பெட்டியைத் திறந்தாய். அடுத்த பஞ்சமியில் அத்தனை கைலியையும் தெருவுக்கே கொடுத்தாய். எனக்குப் பச்சைக் கட்டம் போட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் உன் வீட்டில் பஞ்சமி என்றால் ஒரு பக்கம் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், ஒரு பக்கம் வடை பாயசம், தமிழ் பாதி பர்மியம் பாதியாகப் பேசும் கூட்டம். நாம் இருவரும் ஆளுக்கு ஒரு கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், பரிமாறுவோம். தண்ணீர் விடும் நேரம் மட்டும் கழற்றிவைப்போம். போன ஆவணியில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "என் தேதியையாவது சரியா குறிச்சுக்கோடா, உன் கடிகாரத்தைப் பாத்துக் குறிக்காத" என்றாய். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான் குறித்தேன்.

இன்று காலை தன்லியினில் உன் வீட்டுக்குப் போனேன். பச்சைக் கட்டம் போட்ட கைலி. மொஹிங்கா மணத்தது. வந்தவர்கள் பாதிப் பேர் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வி வீடியோவில் வந்தாள், கரண்ட் போனதும் போய்விட்டாள், திரும்ப வந்தாள். தங்கை செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொல்லைவாசலில் நின்றாள். யார் என்று கேட்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"நீயும் பிடி" என்று அவளிடம் சொன்னேன். பெரியப்பாவின் பேரைச் சொன்னேன். முதல் முறையாக உன் பேரையும் சத்தமாகச் சொன்னேன். அம்யாவை மூன்று தடவை வீட்டிலிருந்த எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். போனிலும் கேட்டது.

அதற்கு முன்னால் மறக்காமல் சாக்ஸைக் கழற்றினேன், மாப்பிள்ளை. இந்த வருஷம் கழற்ற இரண்டு இருந்தது.