வசந்தா யாரு?

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஊறவைத்திருந்த வெந்தயத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். அந்தக் கசப்பு வாடையோடு உன் நினைப்பும் அடுப்படிக்கு வந்துவிட்டது.

"என்ன, சூட்டுக்குக் குடிக்கலையா?" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"போதும்" என்றேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு, ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி நீயும் இதைத்தான் பாட்டிலில் கொண்டுவந்து குடித்தாய். வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஒரே சொல்தான்: சூடு. வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வீட்டில் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நான்தான் உன்னைத் தல்லாகுளத்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். "பார்த்த மட்டுல சொல்ல முடியாதும்மா. கூட இருக்கிறவங்ககிட்டருந்து ஒட்டுனதாவும் இருக்கலாம்" என்றார். உள்ளேயிருந்து பஞ்சுக் குச்சியில் கசிவைத் தொட்டு எடுத்தார். லேபில் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். ரத்தமும் கொடுக்கச் சொன்னார். "கிருமி இருந்தா மாத்திரையில சரியாயிரும். ஆனா ஒங்க வீட்டுக்காரரும் சாப்பிடணும்."

வெளியே வந்ததும் என்னிடம் சீறினாய். "சூட்டுக்குப் போயி எதுக்குடி ரத்தம்?"

மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் வாங்கப் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். லேப்காரர் ஒரு கவரைத் தூக்கிப் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "வசந்தா! வசந்தா யாரு?"

யாரும் எழவில்லை. "பாவம், எவளோ காத்திருக்க முடியாமப் போயிட்டா" என்றேன். நீயும் தலையாட்டினாய். உன் பேர் வரவேயில்லை என்று கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் என் கையைக் கிள்ளினாய்.

"ஏன்டி... நான்தான்டி வசந்தா!"

பயத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல் லேபில் நீ எழுதிக் கொடுத்த பொய்ப் பேர், ஒரே நாளில் உனக்கே மறந்துபோயிருந்தது. ஆனையூர் பஸ் வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"ஓடிப்போயி வாங்கிட்டு வா."

"அம்புட்டுக் கூட்டத்துல இப்பப் போயி நான்தான் வசந்தான்னு நிக்கவா? நாளைக்குப் பாக்கலாம், வாடி."

அந்த நாளை வரவேயில்லை. நானும் நாலு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, நீ செத்துப்போனாய். பழைய கிருமியால் குழாய் புண்ணாகி அடைத்திருக்கலாம் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். உன் வீட்டில் கூடியிருந்தவர்களோ, "அவ சூட்டு ஒடம்பு" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம். என் மேல் அதைவிட.

இரண்டு வாரமாக எனக்கும் அதே கடுப்பு, அதே வலி. எல்லாம் தெரிந்த நானே சூடு என்று சொல்லிக்கொண்டு வெந்தயம் ஊறப்போட்டிருக்கிறேன், பார்.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த டாக்டரம்மாவிடம் போகப்போகிறேன். இவரிடம் சொல்லவில்லை. லேபில் என் சொந்தப் பேரை எழுதுவேன். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், கூப்பிட்டதும் எழுந்திருப்பேன்.