மிஷினை மாற்றவில்லை, மாமா

கண்ணுக்குள்ளேயே இருக்கிற என் மாமாவுக்கு,

நீங்கள் ஏலத்தில் எடுத்து வந்த துணி துவைக்கும் மிஷின் போன மாசியில் படுத்துவிட்டது. அதைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இப்போது முடிவு செய்து, காரியத்தையும் முடித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்களா, "போதும் உடு நல்லம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வீர்களா? தெரியவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்து இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு அப்பன் வீட்டு மூலையில் கிடந்தவளை நீங்கள் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அதற்காக ஊர் நம்மைத் தள்ளி வைத்தது. நாவிதர் நம் வாசலை மிதிக்கக் கூடாது. வண்ணார வீட்டுப் பொன்னி நம் துணியைத் தொடக் கூடாது. நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும், குடித்தவரையும் சேர்த்துத் தள்ளி வைப்போம் என்றார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஊர்க்கவுண்டர் கத்தியது இன்னும் என் காதில் கிடக்கிறது.

"தாலி அறுத்தவளுக்குக் கலர் சீலை கேக்குதா? அவிய ஊட்டுத் துணிய அவியளே தொவச்சுக்கட்டும்!"

இது ஒரு தண்டனையா என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கலாம். மாதாமாதம் வீட்டுக்குத் தூரமான நாள் துணியையும் பிள்ளை பெற்ற துணியையும் வண்ணார வீட்டுப் பெண் எடுத்துப் போனால்தான் தீட்டுக் கழியும் என்று நம்பின ஊர் அது. நாமே துவைத்தால் அந்த வீட்டில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். நான் கிணற்று மேட்டுக் கல்லில் துணியை அடிக்கும்போது வேலி ஓரமாய்ப் போகிறவர்கள் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு அழுதேன்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குப் போகிறார், அவர் சாமான்களைச் சேலத்தில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்த வண்டியில் ஒரு மரத்தொட்டி இருந்தது. பக்கவாட்டில் பல் வைத்த இரும்புச் சக்கரம், அதில் ஒரு கைப்பிடி. மேலே கரும்பு ஆலையில் இருப்பது போல இரண்டு உருளை, ரப்பரில். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் மரத்துடுப்பு துணியைப் புரட்டும். உருளைகளுக்கு நடுவே விட்டால் பிழிந்து தள்ளும்.

"துணி ஆட்டுற செக்கு வந்திருக்குதாமா!" என்று ஊரே வேலிக்கு வெளியே கூடிவிட்டது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, பட்டப்பகலில், நட்ட நடு வாசலில் என் சேலையைப் போட்டுச் சுற்றினீர்கள். பெண்டாட்டி சேலையைத் துவைக்கிறான், இவனெல்லாம் ஆம்பளையா என்று காறித் துப்பினார்கள். "நல்லாச் சுத்துதுங்க. வேணும்னா உங்க வேட்டியையும் கொண்டாங்க!" என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். உங்களுக்கு வாக்கப்பட்டு வந்து அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் நீங்களும் போய்விட்டீர்கள்.

பாடை போகிற வழியில் சேலை விரிக்க வண்ணார் வர வேண்டும். பொன்னி நம் காட்டு வரப்பு வரை ஓடி வந்து, அங்கேயே நின்று அழுதாள். அதற்கு மேல் அவளை விடவில்லை. "செத்தாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்" என்று ஊர்க்கவுண்டர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். நான் பெட்டியைத் திறந்து என் கூறைச் சேலையை எடுத்தேன். நீங்கள் எனக்குக் கட்டிய அந்தச் சிவப்புச் சேலையை நானே மண்ணில் விரித்தேன். நீங்கள் அதன் மேல்தான் போனீர்கள், மாமா.

மறுநாள் அந்தச் சேலையை மிஷினில் போட்டுச் சுற்றினேன். வெள்ளை கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை. அந்த ஊர்க்கவுண்டர் ஒருநாள் என் வாசலில் வந்து நிற்க வேண்டும், அது வரைக்கும் என் உயிர் இருக்க வேண்டும் என்று மட்டும் மாரியாத்தாளிடம் கேட்டுக்கொண்டேன்.

இப்போது மிஷின் கதைக்கு வருகிறேன். சக்கரத்தில் பல் உடைந்துவிட்டது. தொட்டிப் பலகை சுருங்கித் தண்ணீர் ஒழுகியது. ரப்பர் உருளை எப்போதோ வெடித்துவிட்டது. திருச்செங்கோட்டில் கரும்பு ஆலை பழுது பார்க்கிற காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பல்ல மாட்டினா அடுத்த பல்லு போயிரும்மா. ரப்பருக்கு எங்க போறது? உலகச் சண்டைதான் முடிஞ்சிருச்சே, இனிமே பட்டணத்துக்குப் புது மிஷின் வரும். அதைப் பாருங்க."

அவர் சொன்னதும் சரிதான். எனக்கும் முழங்கை முன்பு போல மடங்குவதில்லை. புதிது என்றால் லேசாகச் சுற்றுமோ என்னவோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். யாரென்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஊர்க்கவுண்டர்!

பொன்னியும் அவள் புருஷனும் "உங்க கட்டுப்பாட்ட நீங்களே வெச்சுக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் போய் லாண்டரி வைத்துவிட்டார்கள். ஊருக்கு வண்ணார் இல்லை. கவுண்டரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள். பிள்ளை பெற்ற துணியெல்லாம் மாட்டுக் கொட்டகையில் குவிந்து நாறுகிறது. வீட்டம்மாள் தொட மாட்டாள், வேலைக்காரிகளும் தொட மாட்டார்கள். சம்பந்தி வீட்டார் குழந்தை பார்க்க வருகிற நாளோ நெருங்கிவிட்டது. கையால் கசக்காமல் துவைக்க ஊரில் நம் மிஷினை விட்டால் வேறு வழியில்லை.

"அம்மிணி, நடந்தது நடந்துபோச்சு. பழச மறந்துபோடு," என்றார்.

"உக்காருங்க," என்றேன். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் போட்ட கட்டுப்பாட்டை நான் மீறலாமா?

"அந்த மிசினு கெட்டுப்போச்சாமா. நானே சரி பண்ணிக்கறேன். பொழுது சாய வண்டி அனுப்பறேன், ஏத்தி உட்டுரு. உனக்குப் பட்டணத்துல இருந்து புதுசே தருவிச்சுத் தாரேன். வர்ற மாரியம்மன் நோம்பிக்கு ஊர்லயும் சேத்துக்கறோம்."

பொய் சொல்ல மாட்டேன், மாமா. மனசு ஒரு நிமிஷம் சறுக்கிவிட்டது. புது மிஷின் கிடக்கட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்ததுண்டா? நோம்பியில் ஊர்ப் பெண்கள் பூவோட்டுத் தீச்சட்டி எடுத்துப் போவதை வேலிக்குள் நின்றே கும்பிட்டவள் நான். தலையை ஆட்டிவிடலாம் போலத்தான் இருந்தது.

ஆனால் "பொழுது சாய" என்றாரே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் கண்ணிலும் படாமல் வேண்டுமாம்! நம்மைத் தள்ளி வைத்தபோது ஊரைக் கூட்டித்தானே தள்ளி வைத்தார்?

"புதுசு வேண்டாங்க. பழசையே நான் சரி பண்ணி வெக்கறேன். சந்தை நாளு காத்தால, சனம் போற நேரத்துக்குத் துணிய எடுத்துக்கிட்டு இங்க வாங்க. நீங்களேதான் சுமக்கோணும். நீங்களேதான் சுத்தோணும்."

"என்ன பேச்சுப் பேசறே நீயி?" அவர் மீசை துடித்தது.

"அன்னைக்கு நீங்க பேசுன பேச்சுத்தானுங்க. உங்க ஊட்டுத் துணிய நீங்களே தொவச்சுக்குங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் பச்சை உடம்புக்காரி, மாற்றுத் துணி இல்லாமல் கிடக்கிறாளே என்று மட்டும் கஷ்டமாக இருந்தது. என் சேலைகளில் நைந்து மெத்தென்று ஆனவற்றைக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். அவள் மேல் எனக்கென்ன கோபம்?

காதர் பாயை மறுபடி கூப்பிட்டேன். "இது வீம்பும்மா," என்றார். "ஆமாங்க பாய், வீம்பேதான்," என்றேன். உடைந்த பல்லுக்கு இரும்பை ஒட்டி அராவினார். ரப்பருக்குப் பதிலாக வேல மரத்தில் உருளை கடைந்து மாட்டினார். வண்டி செய்கிற ஆசாரி தொட்டிக்குப் புதுப் பலகை வைத்துப் பட்டை அடித்தார். சுற்றினால் முன்னைவிடக் கனம். கனக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.

சந்தை நாள் வந்தது. அவரும் வந்தார், மாமா! தோளில் மூட்டை, மூக்கில் துண்டு. சந்தைக்குப் போன வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. வேலி ஓரம் முழுக்கத் தலைகள். அவர் ஒருவரையும் பார்க்காமல் துணியைத் தொட்டியில் போட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். நீங்கள் நின்ற அதே இடம்.

"ஏனுங் மாமோவ், நல்லாச் சுத்துதுங்களா?" என்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஒரே சிரிப்பு. அவருக்கு வேர்வை முதுகில் ஓடியது.

"போதுமா அம்மிணி?"

"அழுக்கு இன்னும் போகலீங்க. சுத்துங்க."

சுற்றினார். அலசினார். உருளையில் விட்டுப் பிழிந்து, கொடியில் போட்டார். என் வயிறு குளிர்ந்துவிட்டது. பாவம் என்று தோன்றியதா என்று கேட்பீர்கள். இல்லை. வரப்பில் நின்று அழுத பொன்னிதான் கண்ணுக்குள் நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தண்ணி குடு," என்றார்.

நீங்கள் குடிக்கிற பித்தளைச் செம்பைக் கழுவி, நிறைய மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். வேலி ஓரத்துத் தலைகளெல்லாம் எட்டிப் பார்த்தன. அவர் அண்ணாந்து கடகடவென்று குடித்தார். கடைசி வாய் இறங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. செம்பைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எல்லாருமு பாத்துக்கிட்டீங்களா? எங்க ஊட்டுத் தண்ணி குடிச்சுப்போட்டாருங்க. அவரையும் தள்ளி வெச்சிருங்க!"

மாமா, மிஷினை நான் மாற்ற மாட்டேன். பல் உடைந்தால் பல், பலகை போனால் பலகை. அந்தக் குழந்தையின் தொட்டில் துணி இன்னும் எத்தனையோ மாதம் வரும். அவர் வருகிற நாளெல்லாம் உங்கள் செம்பைத் துலக்கி, தண்ணீர் நிறைத்து வாசலில் வைப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கூறைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கும்,
உங்கள் ஊட்டுக்காரி
நல்லம்மாள்