பின்சீட்டு பெல்ட்

அன்புள்ள நைனாவுக்கு,

எதிரில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

என் கல்யாணச் சீருக்கு மாப்பிள்ளையே பார்த்து வைத்த அந்தப் பழைய ஹைபிரிட் காரில், பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடுமே அதில், நேற்று திருப்புலிவனம் கோயிலுக்குப் போனோம். நீங்கள் அர்ச்சனைத் தட்டு வாங்க இறங்கியதும், பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். அடியில் காய்ந்த வண்டல், நம் ஏரி மண் போல விரலில் ஒட்டியது. கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. பேட்டரி அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறதாம்; தண்ணீர் புகுந்தால் அது வீண்தானாம்.

ஓட்டி வந்த மாப்பிள்ளை முன்கண்ணாடியில் பார்த்துவிட்டார். “அத்த இன்னாத்துக்கு இஸ்துக்கினு கீற? வுடு” என்று சிரித்தார். பிறகு கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

இந்தக் காருக்காக நம் நிலத்தை விற்பதற்கு முன், அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்த பெல்ட்டை இழுங்கள். மண்ணைப் பார்க்க வேண்டாம். அவர் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் சின்ன மகள்