மூன்றாவது வால்வு

13.7.1996, சனி

இன்று வேலூர் போய் பாட்டுக் கேட்கிற பழைய ஆம்ப்ளிஃபயருக்கு மூன்றாவது முறையாகக் கண்ணாடி வால்வு வாங்கி வந்தோம். கடைக்கார பாய் எங்கள் எதிரிலேயே டெஸ்டரில் வைத்துக் காட்டினார். முள் நன்றாகவே ஏறியது. வீட்டில் மாட்டிப் பாட்டுப் போட்டதும் என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"இதுவும் டூப்ளிகேட்டு. வயலினே கேக்கல. பாய் நம்மள ஏமாத்திட்டாரு."

எனக்கு வயலின் தெளிவாகக் கேட்டது. அவர் இருபது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். கொஞ்ச நாளாகக் குக்கர் விசிலுக்குக்கூடத் திரும்புவதில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கு இது புரியாதா?

"உனக்காவது கேக்குதா மேரி?" என்றார்.

"இல்லீங்க, மந்தமாதான் இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காது டாக்டரிடம் போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த வயலினைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டை விட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது?

திங்கட்கிழமை கடைக்குப் போய்ச் சண்டை போடப்போகிறாராம். ஒரு தப்பும் செய்யாத அந்த மனிதர் என் பொய்யால் பேச்சு வாங்கப்போகிறார். நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். அதையே சத்தமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.