தையல் கூடத்துக்குத் தனிப் பெயர்கள்

தாஞ்சியர், 7 அக்டோபர், திங்கள்
குளிர்காலக் கோட்டுகளின் வடிவப் படங்கள் திருடு போய்விட்டன. எவனோ வெளியே காரில் உட்கார்ந்தபடி எங்கள் வைஃபைக்குள் நுழைந்திருக்கிறான். ஆச்சரியமில்லை. தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், ஆறு வருடமாக. துணி வெட்டும் மேசையின் காலில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். அழிந்தால் யாராவது மேலே எழுதுவார்கள். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு நாற்பது பேரும் ஒரே குரலில் கத்திச் சொல்வார்கள். இங்கே அவளுக்குக் கிடைக்கும் ஒரே வரவேற்பு.

நெட்வொர்க் என் பொறுப்பு. மாற்றித்தான் ஆகவேண்டும்.

9 அக்டோபர்
முதலாளி இத்ரீஸ் பட்டியல் தந்தார். ஆபீஸில் பதினொரு பேருக்கு மட்டும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல்.

"தையல்காரிங்களுக்கு எதுக்குப்பா?"

எதற்கா? ராதியா அக்காவின் மகன் கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறான். பேப்பர் இல்லை, திரும்பி வரமுடியாது. மதியம் பன்னிரண்டரைக்குப் போனில் முகம் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

10 அக்டோபர்
சண்டை போட்டேன். தையல் கூடத்துக்கு வேறு நெட்வொர்க், ஆபீஸ் கோப்புகளைத் தொடமுடியாது, எல்லாம் மறையாக்கத்தில், வெளியாள் படிக்கமுடியாது, ஒவ்வொருத்திக்கும் சொந்தப் பெயர். "யார் எப்ப நுழைஞ்சாங்க, எப்ப வெளியேறினாங்க, எல்லாம் பதிவாகும்" என்றேன். அதைக் கேட்டதும் சரியென்றார். உடனே.

14 அக்டோபர்
ராதியா அக்கா தன் பெயரை ஒற்றை விரலால் தானே அடித்தாள்.

"டேய் இமாத், எங்களையும் ஆளா மதிச்சுட்டியேடா!"

திரையில் மகன் வந்தான். அக்கா அதட்டினாள்: "கழுத்தப் பாரு, ஒட்டகம் மாதிரி. ஒழுங்கா சாப்பிடு!"

மேசைக்காலை ஈரத்துணியால் துடைத்தேன். ஆறு வருடச் சாக்கட்டி. லேசில் போகவில்லை.

29 அக்டோபர்
முதலாளி பதிவைக் கேட்டார். கொடுத்தேன். என் வேலை — வேலையா அது? மூன்று பேருக்கு நோட்டீஸ். ராதியா அக்கா, இடைவேளை முடிந்து நாலு நிமிடம். இன்னொரு முறை என்றால் வீட்டுக்கு.

பழைய கடவுச்சொல்லில் அந்த நாலு நிமிடம் யாருடையது என்று எவனுக்கும் தெரிந்திருக்காது. பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான்.

5 நவம்பர்
மதியம் தையல் கூடத்தில் இணைந்தவர்கள்: பூஜ்யம்.

வெளியே போய்ப் பார்த்தேன். எதிர்க் காபிக்கடையின் பூட்டில்லாத வைஃபைக்காகச் சுவரோரம் நிற்கிறார்கள், தூறலில்.

"அக்கா, இதுல பேசாதீங்க. எவன் வேணும்னாலும் நோட்டம் விடலாம்."

போனைத் தலைத்துணியின் ஓரத்துக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "விடட்டும்டா. அவன் எனக்கு நோட்டீஸ் குடுக்கமாட்டான்ல?"